நுண்ணுயிருக்கு அளந்து விடும் காற்று

தோழர்களுக்கு,

இதழ் இந்த முறையும் தாமதமாகத்தான் வருகிறது. அச்சகத்துக்குப் பழைய பாக்கி, தாள் வாங்கக் கைமாத்து, மெய்ப்புப் பார்க்க ஆள் இல்லை. சந்தா அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அனுப்பாதவர்கள் அனுப்பி வையுங்கள்.

எங்கள் தெருவிலிருந்து பொறியியல் படிக்கப் போன தம்பி ஒருத்தன் லீவுக்கு வ. புதுப்பட்டி வந்திருந்தான். கடைசி வருசம். அவனுக்குக் கொடுத்திருக்கிற புராஜெக்ட், நகராட்சிக் கழிவுநீரிலிருந்து உயிரியல் முறையில் நைட்ரஜனை நீக்குவது. பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நிலம் பத்தி எழுதுறீங்க, வன்கொடுமை பத்தி எழுதுறீங்க. பீத்தண்ணி பத்தி ஒண்ணுமே இல்லையே" என்றான். "பீ அள்ளுற கொடுமையப் பத்தி எத்தனை தடவ எழுதியிருக்கோம், பாக்கலையாடா" என்றேன். "அள்ளுற ஆளப் பத்தி எழுதியிருக்கீங்க. அந்தப் பீ அதுக்கப்புறம் எங்க போகுதுன்னு எழுதலையே" என்றான்.

சுருக்கென்று தைத்தது. இந்தத் தலையங்கம் அவனுக்குச் சொல்லும் பதில்.

நாம் தின்கிற பருப்பிலும் கறியிலும் சோற்றிலும் புரதம் இருக்கிறது. புரதத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். உடம்புக்கு வேண்டியது போக மிச்சமெல்லாம் வெளியே வருகிறது, பெரும்பகுதி மூத்திரத்தில் யூரியாவாக. அக்ரகாரத்து மூத்திரமானாலும் சேரி மூத்திரமானாலும் இதுதான் கணக்கு. சாப்பாட்டைப் பொறுத்து ஓர் ஆள் ஆண்டுக்கு இரண்டரைக் கிலோவிலிருந்து நாலரைக் கிலோ வரை நைட்ரஜனைக் கழிக்கிறான். ஏழெட்டுப் பேர் உள்ள குடும்பம் ஒரு வருசத்தில் கழிப்பது, கடையில் விற்கிற 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ள நைட்ரஜன். வயலுக்குக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிற அதே சாமான்தான். உடம்பிலிருந்து வந்தால் மட்டும் அது தீட்டு. அதைத் தொடுவதற்கென்று ஒரு சாதி.

'சுத்திகரிப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மகாட் நினைவுக்கு வந்துவிடுகிறது. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். குளம் தீட்டுப்பட்டுப் போச்சு என்று சொல்லி ஆதிக்க சாதிகள் அதைச் 'சுத்தம்' செய்தார்கள். எதைக் கொண்டு? மாட்டுச் சாணியும் கோமியமும் பாலும் தயிரும் கலந்த 108 குடங்களைக் கொண்டு! குடிக்கிற தண்ணியில் யூரியாவையும் மலத்தையும் கொட்டிவிட்டுக் குளம் தூய்மையாயிற்று என்றார்கள். வேதியியல் தெரிந்த எவனும் இதைப் படித்துச் சிரிப்பான். ஆனால் அந்தக் குளத்திற்காக அடி வாங்கியவர்களால் சிரிக்க முடியாது. சாதி சொல்லுகிற சுத்தமும் தண்ணீரின் சுத்தமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

உண்மையான சுத்தம் எப்படி நடக்கிறது என்று தம்பி எனக்குப் பாடம் எடுத்தான். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மாணவத் தோழர்கள் தப்பிருந்தால் எழுதுங்கள்.

சாக்கடையில் போய்ச் சேர்ந்த யூரியா கொஞ்ச நேரத்தில் அம்மோனியாவாக மாறிவிடும். மூத்திரச் சந்தில் மூக்கைத் துளைக்கிறதே, அந்த வாடைதான். நகரச் சாக்கடைத் தண்ணீர் லிட்டரில் சுமார் 40 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கும். அப்படியே ஆற்றிலோ கண்மாயிலோ விட்டால் அம்மோனியா மீனைக் கொல்லும், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைத் தின்றுவிடும், பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டும். ஆகவே அதை எடுக்க வேண்டும். வடிகட்டினால் வராது, கரைந்து கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளிடம்தான் அந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

வேலை இரண்டு கட்டம். முதல் கட்டம் காற்றூட்டுகிற தொட்டியில். அங்கே நைட்ரோசோமோனாஸ் என்கிற கிருமி அம்மோனியாவை நைட்ரைட்டாக ஆக்குகிறது. நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக ஆக்குகின்றன. இந்த வகைக் கிருமிகளை 1890 வாக்கிலேயே வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார். மெதுவாகப் பெருகும், கொஞ்சம் சீண்டினாலும் செத்துப் போகும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க நாலரைக் கிராமுக்கு மேல் ஆக்சிஜன் கேட்கும். அதனால் இரவும் பகலும் பெரிய பெரிய புளோயர்கள் காற்றை ஊதிக்கொண்டே இருக்கின்றன. ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கரண்டு பில்லில் பெரும்பங்கு இந்தக் காற்றுக்குத்தான்.

இரண்டாம் கட்டம் காற்று இல்லாத தொட்டியில். அங்கே வேறு கிருமிகள். மூச்சுவிட ஆக்சிஜன் கிடைக்காதபோது அவை நைட்ரேட்டில் ஒட்டியிருக்கிற ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கின்றன. மிச்சமிருப்பது நைட்ரஜன் வாயு. குமிழ் குமிழாக மேலே வந்து காற்றோடு போய்விடும். நாம் மூச்சுவிடுகிற காற்றில் ஐந்தில் நாலு பங்கு ஏற்கெனவே அதுதான், யாருக்கும் கெடுதல் இல்லை. பீயிலும் மூத்திரத்திலும் வந்த நைட்ரஜன் எவன் கையும் படாமல் வானத்துக்குப் போய்ச் சேர்கிறது. அழகான வேலை தோழர்களே, இதில் எனக்குச் சந்தேகமில்லை.

தம்பி படிப்புக்காக ஒரு நகரத்துச் சுத்திகரிப்பு நிலையத்தைப் போய்ப் பார்த்திருக்கிறான். ஊர்ப் பெயர் வேண்டாம், எல்லா ஊரும் அந்த ஊர்தான். ஏசி போட்ட கட்டுப்பாட்டு அறை. திரையில் தொட்டியின் கரைந்த ஆக்சிஜன் அளவு ஓடிக்கொண்டே இருக்கிறதாம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்க வேண்டும். 1.9, 2.1, 2.0. அதற்குக் கீழே ரொம்ப இறங்கினால் மணி அடிக்கும். அடித்தால் ஆள் ஓடுவார், புளோயர் வேகம் கூடும். கிருமி செத்துவிடக் கூடாது. செத்தால் திரும்ப வளர்த்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும்.

அதே வளாகத்தில் நூறடி தள்ளிச் சாக்கடை வந்து விழுகிற கிணறு. துணி, பிளாஸ்டிக், மயிர் எல்லாம் சிக்கிச் சல்லடை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் சட்டையைக் கழற்றி மடித்து ஓரமாக வைத்துவிட்டு உள்ளே இறங்கியிருக்கிறார். "இடுப்புல ஒரு கயிறுண்ணே. அவ்வளவுதான். மீட்டர் இல்ல, மாஸ்க் இல்ல. அங்க உள்ள மணி இவருக்கு அடிக்காது" என்றான். அன்றைக்கு அவர் உயிரோடு மேலே வந்துவிட்டார். பேர் என்ன, எந்த ஊர் என்று பேச்சுக் கொடுத்தானாம். "அதுக்கு மேல கேக்க வேண்டியதில்லாமப் போச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

கேட்க வேண்டியதில்லைதான். அரசாங்கமே எண்ணிச் சொல்லிவிட்டது. நகரங்களில் சாக்கடையும் செப்டிக் டேங்கும் சுத்தம் செய்கிறவர்களை ஒன்றிய அரசு கணக்கெடுத்தது. 2024 வரை பதிவு செய்த சுமார் 38,000 பேரில் 92 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். பட்டியல் சாதியினர் மட்டும் 68.9 சதவீதம். 'திறமை அடிப்படையில் வேலை' என்று மேடைதோறும் முழங்குகிறவர்களே, இந்த ஒரு வேலைக்கு மட்டும் எங்களிடம் இவ்வளவு திறமை எங்கிருந்து வந்தது?

அந்தக் கிணற்றில் என்ன இருக்கிறது? இங்கேதான் தம்பியின் பாடமும் நம் சாவும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. கிருமிகள் மூச்சுவிட ஒரு வரிசை வைத்திருக்கின்றன. ஆக்சிஜன் இருந்தால் ஆக்சிஜன். அது தீர்ந்தால் நைட்ரேட். அதுவும் இல்லையென்றால் சல்பேட். காற்றுப் புகாத சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் முதல் இரண்டும் இல்லை. அப்போது சல்பேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்குகிற கிருமிகள் ஹைட்ரஜன் சல்பைடைக் கக்குகின்றன. அது காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை. காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வந்துவிட்டால் மூக்கு செத்துப்போகும், வாடையே தெரியாது. வாடை போய்விட்டது, ஆபத்தில்லை என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்து. 700, 800 பங்கு என்றால் சில மூச்சில் ஆள் விழுவான். அவனைத் தூக்க இறங்குகிற தம்பியும் விழுவான், மச்சானும் விழுவான். பேப்பரில் 'விஷவாயு தாக்கி மூவர் பலி' என்று வருவது இப்படித்தான்.

சில நாடுகளில் இந்த வாயு உண்டாகாமல் தடுக்கச் சாக்கடைக் குழாயில் நைட்ரேட் உப்பைக் கரைத்து விடுகிறார்கள். நைட்ரேட் இருக்கிற வரை கிருமி சல்பேட்டைத் தொடாது. ஆக விஷவாயு என்பது விதியும் இல்லை, ஆத்தா கோபமும் இல்லை. எங்கே, எதனால், எவ்வளவு உண்டாகும் என்று நூறு வருசமாகத் தெரிந்த வேதியியல். தெரிந்தே ஆளை இறக்குகிறவன் செய்வது விபத்து அல்ல, கொலை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று. 2013 சட்டத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள், முக்கியமாகச் சட்டக் கல்லூரித் தோழர்கள். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் 'அபாயகரமான சுத்தம்' செய்யவைப்பதைத் தடை செய்கிறது. அபாயகரமான சுத்தம் என்றால் என்ன? பாதுகாப்புச் சாதனங்கள் கொடுக்காமல் கையால் செய்யவைப்பது. அதாவது சாதனம் கொடுத்துவிட்டால் இறக்கலாம்! குழிக்குள் மனிதன் இறங்குவதை அது ஒரேயடியாக மறுக்கவில்லை, கையுறை போட்டு இறங்கச் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் விதிகளில் உள்ள சாதனப் பட்டியலில் வாயு அளக்கிற கருவியும் இருக்கிறது. காகிதத்தில் நமக்கும் ஒரு மீட்டர் உண்டு தோழர்களே!

2014 மார்ச் 27 அன்று, 1993 முதல் சாக்கடையில் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. 2023 பிப்ரவரி பட்ஜெட்டில், இனி எல்லா ஊரிலும் மனிதன் இறங்குகிற குழி இயந்திரம் இறங்குகிற குழியாக மாறும் என்று நிதியமைச்சர் படித்தார். நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குப்படி 1993க்குப் பிறகு சாக்கடை, செப்டிக் டேங்க் சாவுகளில் நாட்டிலேயே முன்னால் நிற்பது தமிழ்நாடு. 200க்கு மேல். பதிவானது மட்டும். பெரியார் மண், சமூகநீதி மண் என்று நாமும் சேர்ந்துதான் பேசுகிறோம். இந்த 200 பேரும் அந்த மண்ணுக்கு அடியில்தான் மூச்சடைத்துச் செத்தார்கள்.

*

இதெல்லாம் மெட்ராஸ், மதுரை சமாச்சாரம், நம்ம பேரூராட்சிக்கு என்ன என்று கேட்கலாம். வ. புதுப்பட்டி, வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம் மாதிரி ஊர்களில் ஆளுக்கொரு செப்டிக் டேங்க்தான். பல வீடுகளில் அதுவும் பேருக்குத்தான், அடியில் தளம் போடாத உறைக்குழி. அம்மோனியா மண்ணுக்குள் இறங்கும். மேல்மண்ணில் காற்று இருப்பதால் கிருமிகள் முதல் கட்ட வேலையை அங்கேயே முடித்துவிடும், நைட்ரேட் ஆகிவிடும். இரண்டாம் கட்ட வேலை பெரும்பாலும் நடப்பதில்லை. நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, தண்ணீரோடு கிணற்றுக்கும் அடிகுழாய்க்கும் போகும்.

எங்கள் பக்கத்து ஊர்களில் சேரி எங்கே என்று யாரிடமும் வழி கேட்க வேண்டாம். வாறுகால் தண்ணி ஓடுகிற பக்கமே நடந்தால் போதும். ஊர் மேட்டில், நம்ம தெரு பள்ளத்தில். செப்டிக் டேங்க் லாரிக்காரன் ராத்திரியில் குழாயைத் திறந்துவிடுகிற ஓடையும் நம்ம தெருவுக்குப் பின்னால்தான் இருக்கும். சின்ன வயதில் எங்கள் தெருப் பையன்கள் நாங்கள் அந்த லாரிக்குப் பின்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே ஓடுவோம். விளையாட்டு! ஏன் அது எப்போதும் நம்ம பக்கமே வருகிறது என்று கேட்க அப்போது தோன்றவில்லை. செப்டிக் டேங்கில் வருசக்கணக்கில் கிடந்த கசடு, சாக்கடைத் தண்ணீரைவிடப் பல மடங்கு அம்மோனியா கொண்டது. ஒரு லாரி, ஒரு ஓடைக்கு.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கூடினால் கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். புட்டிப்பால் கரைக்கக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியதால் குழந்தைகளுக்கு இப்படி வருகிறது என்று 1945இலேயே அமெரிக்காவில் ஒரு டாக்டர் எழுதிவிட்டார். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கையில், தமிழ்நாட்டில் சோதித்த மாதிரிகளில் நூற்றுக்கு 37 இந்த அளவைத் தாண்டியவை. இந்தியா முழுவதற்கும் அது நூற்றுக்கு 20தான். கக்கூஸ் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். நெல்லுக்கும் தென்னைக்கும் கொட்டுகிற யூரியாவும் சேர்ந்ததுதான். ஆனால் காசு உள்ளவன் கேன் தண்ணி வாங்கிக் குடிக்கிறான், வீட்டில் ஆர்.ஓ. மாட்டுகிறான். நம்ம பெண்கள் 'காய்ச்சிக் குடித்தால் சரியாப் போகும்' என்று சுகாதாரத்துறை சொன்னதை நம்பிக் காய்ச்சுகிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். இதைத் தெருத் தெருவாகச் சொல்ல வேண்டும்.

சரி, சுத்திகரிப்பு நிலையம் வருகிற ஊரிலாவது நைட்ரஜனை எடுக்கிறார்களா? 2015இல் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வரைவு போட்டது. வெளியே விடுகிற தண்ணீரில் மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. 2017 அக்டோபரில் இறுதி அறிவிக்கை வந்தபோது நைட்ரஜன் வரியையே காணோம்! 2019 ஏப்ரல் 30 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்தான் அந்தப் 10 மில்லிகிராமைத் திரும்பக் கொண்டுவந்தது. நைட்ரஜனை எடுக்கச் செலவு அதிகமாம். அதே 2019இல் சென்னைக் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் சாக்கடைத் தண்ணீரை ஆர்.ஓ. வரை கொண்டுபோய்ச் சுத்தம் செய்து மணலி, ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்ப ஆரம்பித்தார்கள். கம்பெனிக்கு வேண்டுமென்றால் சாக்கடை பளிங்காகிறது. நம் கிணற்றுக்கென்றால் செலவு இடிக்கிறது.

இந்தத் தொழில்நுட்பம் வளர்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1970களின் தொடக்கத்தில் இதற்குப் பெரிய திருப்பம் கொடுத்தவர் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஆய்வு செய்த ஜேம்ஸ் பர்னார்ட் என்ற பொறியாளர். காற்றுள்ள தொட்டி, இல்லாத தொட்டி என்று மாற்றி மாற்றி வைத்து நைட்ரஜனை எடுக்கிற அவருடைய முறை இன்று உலகமெங்கும் ஓடுகிறது. அது நிறவெறி ஆட்சியின் காலம். கறுப்பர் குடியிருப்புகள் பலவற்றில் அப்போது வாளிக் கக்கூஸ்தான். வெள்ளையன் கழிப்பதிலிருந்து நைட்ரஜனை மில்லிகிராம் கணக்கில் பிரிக்கத் தெரிந்த நாட்டில் கறுப்பன் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நிறவெறி 1994இல் சட்டப்படி செத்தது. வாளி அதற்குப் பிறகும் பல வருசம் சாகவில்லை. அறிவியல் யாருக்கும் தானாக விடுதலை கொண்டுவராது என்று இதிலிருந்து நான் படித்துக்கொண்டேன். அறிவியலை விட்டு நாம் விலகி நிற்கவும் கூடாது. விலகி நின்றால் கட்டுப்பாட்டு அறை அவனுக்கு, கிணறு நமக்கு.

ஆகவே சில வேலைகள்.

சாக்கடை, செப்டிக் டேங்க் எதிலும் எந்தச் சாதனத்தோடும் மனிதன் இறங்கக் கூடாது. 'பாதுகாப்போடு இறங்கலாம்' என்கிற ஓட்டையை அடைக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று எல்லா இயக்கங்களும் கேட்க வேண்டும். செத்த இடத்தில் நட்டஈட்டுக்கு மட்டும் நிற்காமல், இறக்கியவன் மீது அந்தச் சட்டத்திலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் வழக்குப் போடவைக்க வேண்டும்.

வேதியியல் படிக்கிற நம் மாணவர்கள் இந்த லீவில் அவரவர் சேரியின் அடிகுழாய், கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கல்லூரிச் சோதனைக் கூடத்தில் நைட்ரேட் பாருங்கள். மேட்டுத் தெருத் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்களை எங்களுக்கு எழுதுங்கள், வெளியிடுகிறோம். மனுக் கொடுக்கும்போது 'தண்ணி சரியில்லைங்கய்யா' என்று கும்பிட்டு நிற்பது வேறு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதி நீட்டுவது வேறு.

நம் பகுதியில் கழிவுநீர் நிலையமோ கசடு நிலையமோ எது வந்தாலும் மூன்று கேள்வி. எந்தத் தெருவுக்குப் பக்கத்தில் வைக்கிறீர்கள்? வெளியே விடுகிற தண்ணீரில் நைட்ரஜன் எவ்வளவு? திரைக்கு முன்னால் உட்காருகிறவன் யார், சல்லடையைச் சுத்தம் செய்கிறவன் யார்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது.

தம்பி ஊருக்குத் திரும்பும் அன்று பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். படிப்பு முடிந்து அந்த மாதிரி ஒரு நிலையத்தில் வேலை கிடைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "மொத நாள் அந்தக் கிணத்துக்கு ஒரு மீட்டர் மாட்டுவேண்ணே. அதோட மணிய ஏசி ரூமுக்குள்ள வைப்பேன்" என்றான். "மாட்டவிடாட்டி?" என்றேன். "உங்க புத்தகத்துல எழுதுவேன்" என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினான்.

அவனுக்காக ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

ஜெய்பீம்.

ஆசிரியர்
வ. புதுப்பட்டி